மலையகத்தில் கள்ளு, பழ வைன், வடிமது: சிறு உற்பத்தியாளர் அனுமதிப்பத்திரம் எடுக்கும் வழி

சட்டி, குழாய், பீப்பாய் எதையும் இப்போது வாங்காதீர்கள். பிரதேச செயலகத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கும் நான், மதுவரி விஷயமாகக் கடிதம் எழுத வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். பாதிப்பேர் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டுக் கராஜில் செம்புச் சட்டி வைத்து ஜின் வடிப்பதை யூடியூபில் பார்த்திருப்பார்கள். நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்ட்ரோபெரி வைன் விற்றால் என்ன என்று தோன்றியிருக்கும். யோசனையில் பிழை இல்லை, வரிசையில்தான் பிழை.

இலங்கையில் மதுவை ஆளும் சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். எத்தனையோ திருத்தம் கண்டும் எலும்புக்கூடு அதேதான். அனுமதியில்லாமல் மது தயாரிப்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தயாரிக்கும் நோக்கத்தோடு மூலப்பொருளையோ, சட்டியையோ, கருவியையோ வைத்திருப்பதும் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. கள்ளு தரும் மரத்தைச் சீவுவதும், வடிசாலையோ பியர் ஆலையோ கட்டுவதும் கூட அதே வேலிக்குள்தான். 'கோடா பரலுடன் ஒருவர் கைது' என்று பத்திரிகையில் வாசிக்கிறோமே (கோடா என்பது கசிப்பு வடிக்கப் புளிக்க வைத்த ஊறல்), அவர் ஒரு துளி கசிப்பும் வடித்திருக்கத் தேவையில்லை. 'வீட்டுக்குத்தான் செய்தேன், விற்கவில்லை' என்று சொல்லித் தப்பவும் முடியாது.

நத்தாருக்கு வீட்டில் போடும் இஞ்சி வைன் என்ன ஆகும் என்று உடனே கேட்பீர்கள். இஞ்சியையும் சீனியையும் காய்ச்சி, எசன்ஸ் கலந்து போத்தலில் அடைப்பது பெயருக்குத்தான் வைன். அதில் நொதித்தல் கிடையாது. ஈஸ்ட் போட்டு மூடி வைத்த நிமிடத்திலிருந்து கதை வேறு.

முதல் படி: எதைச் செய்யப்போகிறீர்கள்?

மதுவரித் திணைக்களத்துக்குப் போய் 'மது தயாரிக்க பர்மிட் வேணும்' என்றால் பதில் கிடைக்காது. கள்ளு இறக்குவதற்கு ஒரு அனுமதி, கள்ளு விற்பதற்கு வேறொன்று, போத்தலில் அடைக்க இன்னொன்று. வைன், பியர், வடிமது (சாராயம், ஜின் போலக் காய்ச்சி வடிப்பது) ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை. தயாரிக்கும் அனுமதி கையில் இருந்தாலும் சில்லறையாக விற்க அது போதாது. இதை ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலை வாசலில் மேசை போட்டு விற்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

மலையகச் சிறு உற்பத்தியாளருக்குக் கைக்கு எட்டும் தொழில் என்று நான் நினைப்பது கித்துள், பனை இனத்து மரம். நுவரெலியா நகரத்தின் உயரத்தில் கித்துள் சரிப்படாது. கினிகத்தேனை, கொத்மலை, நாவலப்பிட்டி, எட்டியாந்தோட்டைப் பக்கம் இறங்கினால் மரம் தாராளம். பாளைக்கு மருந்து வைத்துப் பதப்படுத்தி, காலையும் மாலையும் சீவி, முட்டியில் இறக்குவார்கள். இறக்கியவுடன் குடித்தால் வெறும் இனிப்பு. முட்டியை முந்தின நாள் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் மரத்தில் தொங்கும்போதே நுரை கட்டத் தொடங்கிவிடும். பாணி காய்ச்சுகிறவர்கள் முட்டியைத் தேய்த்துக் கழுவி, புளிப்பைத் தள்ளிப்போட ஹல் மரப்பட்டைத் துண்டை உள்ளே போடுவது அதனால்தான். ஏறக்குறைய ஏழெட்டு போத்தல் பதநீர் வற்றினால் ஒரு போத்தல் பாணி. காலையில் இறக்கிய முட்டியை மாலைவரை அப்படியே விட்டால் அது கள்ளு.

ஒரே மரம், ஒரே முட்டி. ஆனால் பாணிக்காகச் சீவுகிறவருக்கு ஒரு விதி, கள்ளுக்காகச் சீவுகிறவருக்கு வேறு விதி. கொத்மலைப் பக்கத்திலிருந்து வரும் வயதான ஒருவர் கேட்டார்:

"தம்பி, நான் பாணிக்காரன். கள்ளு விக்கிறவன் இல்ல. மழை நாள்ல முட்டி புளிச்சிட்டா என்ன செய்யிறது?"

"புளிச்சத ஆளுக்குக் குடுக்காதீங்க ஐயா. வினாகிரிக்குப் போடப் போறீங்கன்னாலும் மொதல்ல மதுவரிக்காரங்ககிட்ட எழுதிக் கேட்டுட்டுப் போடுங்க."

வினாகிரியைச் சும்மா சொல்லவில்லை. கள்ளாகாமல் வினாகிரி ஆகாது. இடையில் மது என்ற கட்டத்தைத் தாண்டித்தான் அது புளிக்கும்.

கள்ளைக் கள்ளாகவே விற்க நினைத்தால் தவறணை முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். கள்ளுத் தவறணை என்பது நினைத்த இடத்தில் திறக்கும் கடை அல்ல. குறித்த இடத்துக்கு, குறித்த காலத்துக்குக் கேள்விப்பத்திரம் மூலம் கொடுக்கப்படும் உரிமை அது. தோட்டப்புறத் தவறணைகளில் ஓடுவது பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறிவரும் தென்னங்கள்ளு. சீனித் தண்ணீரில் செய்த போலிக் கள்ளைப் பற்றிய புகார்களும் புதிதல்ல. உண்மையான கித்துள் கள்ளு இறக்குகிறவருக்கு நல்ல சந்தை இருக்கிறது. ஆனால் மரத்திலிருந்து விற்பனை இடத்துக்குக் கொண்டுபோக, இறக்கும் அனுமதியோடு கொண்டுசெல்லும் அனுமதியும் வேண்டும். ஓட்டோவில் கலனோடு பிடிபட்டால் 'மரம் என்னுடையது' என்ற பேச்சு எடுபடாது.

பழ வைன் இரண்டாவது. ஸ்ட்ரோபெரி, பேஷன் பழம், பேயர்ஸ், நெல்லி என்று இங்கே பழத்துக்குக் குறையில்லை. குளிர்ந்த காலநிலை நொதித்தலுக்கும் உதவும். மூலதனம் வடிசாலை அளவுக்குப் போகாது.

பியரும் வடிமதுவும் வேறு உலகம். நுவரெலியாவில் பியர் காய்ச்சிய வரலாறு 1849 அளவில் சாமுவேல் பேக்கரோடு தொடங்குகிறது. பிறகு வந்த சிலோன் புரூவரியும் மலைத் தண்ணீரை நம்பி அங்கேயே நடந்தது. அதன் வழிவந்த லயன் நிறுவனத்தின் ஆலை இன்று இருப்பது பியகமவில். குளிரும் தண்ணீரும் இருந்தும் பெரிய நிறுவனமே கொழும்புப் பக்கம் இறங்கியதை, பியர் ஆலைக் கனவோடு வருகிறவர் ஒருமுறை யோசிப்பது நல்லது.

இரண்டாம் படி: காசு இறக்குமுன் மதுவரி நிலையத்தில் ஒரு கடிதம்

ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி என்று மதுவரி அலுவலகங்கள் உண்டு. விண்ணப்பம் கொடுக்க அல்ல, கேள்வி கேட்க முதலில் போங்கள். வாய்ப் பதிலை நம்பி வேலை தொடங்க வேண்டாம். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். என்ன பொருள், என்ன மூலப்பொருள், மாதம் எத்தனை லீற்றர், எந்த இடம், யாருக்கு விற்பனை என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். கடைசியில் இரண்டு கேள்வி: இதற்கு எந்த வகை அனுமதிப்பத்திரம், தற்போது நடைமுறையில் உள்ள எந்த மதுவரி அறிவித்தல் இதற்குப் பொருந்தும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். கட்டணமும் நிபந்தனையும் சட்டப் புத்தகத்தில் இல்லை, வர்த்தமானியில் வரும் மதுவரி அறிவித்தல்களில் இருக்கின்றன. அவை அடிக்கடி மாறும். போன வருடம் மாமா கட்டிய தொகையை வைத்து இந்த வருடத்துக்குப் பட்ஜெட் போடாதீர்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரசகரும மொழி. நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் கடிதம் கொடுத்து, தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் தனக்கு விளங்காத மொழியில் உள்ள நிபந்தனைக்குக் கையெழுத்து வைத்தவர், பிறகு அந்த நிபந்தனையை மீறிவிட்டார் என்று நிற்கும்போது அருகில் யாரும் இருப்பதில்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் வாங்கி வையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாம் படி: காணி

மலையகத் தமிழருக்கு அனுமதிப்பத்திரம் மதுவரித் திணைக்களத்தில் நின்றுபோவதைவிட, அதற்கு முன்னாலேயே காணியில் நின்றுபோவதுதான் அதிகம். உற்பத்தி அனுமதி குறித்த ஓர் இடத்துக்கே கொடுக்கப்படும். அந்த இடத்தின் மீது உங்களுக்கு என்ன உரிமை என்பதை உறுதியோ குத்தகைப் பத்திரமோ காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை இருந்திருக்கலாம். அது உங்கள் காணி என்று சொல்லும் கடதாசி ஒன்றும் இல்லை.

தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசின் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசிடம் வந்தவை 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறி நீண்டகாலக் குத்தகையில் ஓடுகின்றன. தோட்டத்து முகாமையாளர் தரும் கடிதம் 'ஆட்சேபனை இல்லை' என்று சொல்லுமே தவிர, உங்களுக்கு உரித்து எதையும் கொடுக்காது. துரை மாறினால் கடிதத்தின் பலமும் மாறும். உபகுத்தகையாக எடுப்பதானால் கம்பனியின் தலைமை அலுவலகம் கையெழுத்திட வேண்டும். கம்பனி அரசோடு செய்த குத்தகை அதற்கு இடம் கொடுக்கிறதா என்று சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

7 பேர்ச், 10 பேர்ச் வீட்டுத்திட்டக் காணி இருக்கிறதே என்பீர்கள். அது குடியிருக்கக் கொடுத்தது. உறுதியில் உள்ள நிபந்தனைகளை வரி வரியாக வாசித்துப் பாருங்கள். வாசித்த பிறகும் என் புத்தியைக் கேட்டால், அதில் மது தயாரிக்க வேண்டாம். அடுத்த வீட்டுச் சுவருக்கும் உங்கள் சுவருக்கும் இடையே நான்கு அடி. மணம் போகும், கழிவு போகும், மனு வரும்.

ஆகவே நடைமுறையில் மூன்று வழி உண்டு. நகரத்து ஓரத்தில் தனியார் உறுதிக் காணியை நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பது ஒன்று. உறுதிக் காணி உள்ள ஒருவரோடு பங்காளியாகச் சேர்வது இன்னொன்று. மூன்றாவது, கித்துள்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் வேலை செய்வது. மூன்றாவதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். சண்டை வராமல் இருக்கக் கணக்கை முதல் நாளிலிருந்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மரத்துக்கும் இதே கேள்வி வரும். உங்கள் தோட்டத்து மரமா, தோட்டக் கம்பனி மரமா, காட்டு மரமா? கம்பனி மரமென்றால் முகாமையாளரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அரச காடென்றால் வனத் திணைக்களத்தைக் கேட்காமல் ஏறக்கூடாது. சிவனொளிபாத மலையைச் சுற்றிய பாதுகாக்கப்பட்ட காடுகளின் ஓரத்தில் காலங்காலமாக ஏறிவந்தோம் என்பது வழக்கம் மட்டுமே. வழக்கைத் தாங்காது.

நான்காம் படி: கட்டடம், மண்சரிவு, கழிவுநீர்

மலை மாவட்டங்களில் புதிதாகக் கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை தேவைப்படும். இதை முதலிலேயே எடுங்கள். அறிக்கை பாதகமாக வந்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது சரிந்த மலைகளைப் பார்த்தவருக்கு இதை ஒரு சம்பிரதாயக் கடதாசி என்று சொல்ல வாய் வராது. நீர் நிரம்பிய தாங்கிகள் பாரமானவை. ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன். அதைச் சரிவின் விளிம்பில் வைப்பதற்கு முன் பொறியியலாளர் ஒருவர் பார்க்கட்டும்.

பிறகு பிரதேச சபையில் கட்டட வரைபட அனுமதி, வியாபார உரிமம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரை, வடிகால், மலசலகூடம், நீரின் தரம் பார்ப்பார். ஊற்றுத் தண்ணீர் பாவிப்பதானால் ஆய்வுகூடச் சோதனை அறிக்கை ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம்தான் இந்தப் படியில் கடினமானது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை இதைப் பார்க்கிறது. மது வடித்தபின் அடியில் மிஞ்சும் கழிவுநீர் கண்ணுக்கு வெறும் பழுப்புத் தண்ணீர். ஓடையில் விட்டால் அதில் உள்ள சர்க்கரையையும் கசடையும் தின்ன நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீரில் உள்ள ஒட்சிசனை எல்லாம் எடுத்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். இதை அளக்கும் அளவுகோல் உயிரியல் ஒட்சிசன் தேவை. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கரும்புப்பாகு வடிசாலையின் கழிவில் அது பல்லாயிரங்களில் இருக்கும். பழ வைன் கழிவு அவ்வளவு மோசமில்லை என்றாலும் சும்மா விடக்கூடியதும் அல்ல.

மலையகத்தில் இது வெறும் விதிக் கேள்வி இல்லை. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொத்மலை ஓயா மகாவலிக்குப் போகிறது. நாம் ஓடையில் ஊற்றுவது கீழே பல லட்சம் பேர் குடிக்கும் தண்ணீரின் தலைமாட்டில். உங்கள் திட்டத்தில் கழிவுக் குழிக்கும் வடிகட்டலுக்கும் இடமும் காசும் ஒதுக்காமல் சுற்றாடல் அலுவலரை அழைக்காதீர்கள். பழச் சக்கையை உரக்குழியில் போடலாம், மாட்டுக்காரரிடம் கொடுக்கலாம். அதையும் எழுத்தில் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: வியாபாரத்தைப் பதிவது

இது சுலபம். தனியாள் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு, அதை இணையத்திலேயே செய்யலாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துவோர் இலக்கம் எடுங்கள், வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்குத் திறவுங்கள். உற்பத்திக்குப் போகிறவர் கம்பனியாகப் போவது நல்லது. பங்காளிகள் இடையே யாருக்கு எவ்வளவு என்பதும் அப்போது எழுத்தில் வந்துவிடும்.

ஆறாம் படி: மதுவரி விண்ணப்பம்

இப்போதுதான் பைல் திறக்கிறது. உள்ளே இருக்க வேண்டியவை: காணி உரித்துப் பத்திரங்கள், நில அளவை வரைபடம், கட்டடத்தின் உள்ளமைப்பு வரைபடம், தயாரிப்பு முறையைப் படிப்படியாக விளக்கும் அறிக்கை, வாங்கப்போகும் கருவிகளின் விபரம், மூலப்பொருள் எங்கிருந்து வரும், முதலீடு எங்கிருந்து வந்தது, மேலே சொன்ன நிறுவனங்களின் அறிக்கைகள், வியாபாரப் பதிவு, விண்ணப்பகாரர் மீது மதுவரிக் குற்றம் எதுவும் இல்லை என்பதற்கான உறுதிப்பாடு.

உள்ளமைப்பு வரைபடத்தில் கவனம் வையுங்கள். மூலப்பொருள் எந்தக் கதவால் வருகிறது, நொதிப்புத் தாங்கி எங்கே, முடிந்த சரக்கு பூட்டி வைக்கும் அறை எங்கே, அதன் ஒரே வாசல் எங்கே என்று தெளிவாக இருக்க வேண்டும். அலுவலர் தேடுவது ஒன்றே: வரி கட்டாமல் ஒரு போத்தல் வெளியேற வழி உண்டா? பின்பக்கம் சமையலறைக்குப் போகும் சின்னக் கதவு ஒன்று வரைபடத்தில் இருந்தால், அந்தக் கதவுக்காகவே பைல் திரும்பி வரும்.

சில்லறை விற்பனை, தவறணை என்றால் பிரதேச செயலாளரின் பங்கு பெரிது. கிராம உத்தியோகத்தர், பொலிஸ் பொறுப்பதிகாரி, சுகாதாரப் பரிசோதகர் எல்லோரிடமும் அறிக்கை கேட்கப்படும். பாடசாலை, கோவில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எவ்வளவு தூரத்தில் என்று அளப்பார்கள். உற்பத்தி அனுமதி ராஜகிரியவில் உள்ள தலைமையகம், மதுவரி ஆணையாளர் நாயகம், நிதியமைச்சு என்று மேலே போகும்.

ஊர் எதிர்ப்பைச் சின்னதாக நினைக்காதீர்கள். தோட்டத்தில் சம்பள நாள் இரவு என்ன நடக்கிறது என்று பெண்களுக்குத் தெரியும். அவர்கள் மதுக்கடைக்கு எதிராகக் கையெழுத்து வைப்பதில் நியாயம் இருக்கிறது. 1912 சட்டம் வந்த காலத்திலேயே, தவறணைகள் பெருகும் என்று நாடு முழுக்க மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. உங்கள் பொருள் தோட்டத்து லயத்தில் விற்கப்படாது, ஹோட்டல்களுக்குத்தான் போகும் என்றால் அதைக் கோவில் கமிட்டியிடமும் மாதர் சங்கத்திடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். உண்மை அது இல்லையென்றால் சொல்லாதீர்கள். ஊரில் ஒரு கிழமைக்குள் தெரிந்துவிடும்.

தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 தேர்தல் காலத்தில் மதுக்கடை அனுமதிப்பத்திரம் யார் சிபாரிசில் யாருக்குப் போனது என்பது பெரிய அரசியல் பேச்சானது. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பட்டியலே சமர்ப்பிக்கப்பட்டது. 'மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இத்தனை லட்சம் தந்தால் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் வந்தால் அவருக்குக் கொடுக்கும் காசும் போகும், உங்கள் பெயரும் போகும். இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம்.

ஏழாம் படி: வரிக் கணக்கு

வடிமதுவுக்கு மதுவரி கணக்கிடப்படுவது அதில் உள்ள தூய மதுவின் அளவில். 36 சதவீத வலுவுள்ள 750 மில்லிலீற்றர் போத்தலில் தூய மது 270 மில்லிலீற்றர். ஆயிரம் போத்தலுக்கு 270 லீற்றர். அதை நடைமுறை வீதத்தால் பெருக்குங்கள். அதன்மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) வரும். மதுபான உற்பத்தி வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வருமான வரி 45 சதவீதம். மற்றச் சிறு தொழில் எதையும் இதோடு ஒப்பிட முடியாது.

சிறு உற்பத்தியாளரைக் கவிழ்ப்பது வரியின் அளவைவிட அது வரும் நேரம். ஹோட்டல்காரர் இரண்டு மாதம் கழித்துத்தான் காசு தருவார். வரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வரி நிலுவை வைத்ததால் பெரிய வடிசாலைகளின் அனுமதியே இடைநிறுத்தப்பட்டதை இந்த நாடு பார்த்திருக்கிறது. கையில் குறைந்தது மூன்று மாத வரிக்காவது காசு இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பாதுகாப்புப் பணம், வங்கி உத்தரவாதம் கேட்கப்படுவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எட்டாம் படி: லேபல், ஸ்டிக்கர், விளம்பரம்

லேபலை அச்சடிக்குமுன் அங்கீகாரம் எடுங்கள். அச்சகத்தில் ஐயாயிரம் அடித்துவிட்டு, மதுவலு சதவீதம் சின்ன எழுத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டால் அந்தக் காசு கிடைக்காது. திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய சரக்கு அது இல்லாமல் வெளியே போகக்கூடாது. ஸ்டிக்கர் கணக்கும் போத்தல் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கிழிந்த ஸ்டிக்கரையும் எறியாமல் கணக்கில் வையுங்கள்.

விளம்பரத்தில்தான் இளைஞர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்கிறது. பேஸ்புக் பக்கம் திறந்து 'எல்ல பாலத்தருகே மாலை நேரத்துக்கு எங்கள் வைன்' என்று படம் போடுவதும் விளம்பரம்தான். இலவசமாக மாதிரி கொடுப்பதும் கூடாது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதும் குற்றம். பௌர்ணமி தினங்களில் விற்பனை இல்லை. சுற்றுலா வியாபாரம் வாய்வழியாகவும் ஹோட்டல் மெனு வழியாகவும்தான் வளர வேண்டும். அதற்கேற்ப மெதுவாகத் திட்டமிடுங்கள்.

பெண்கள் விஷயம் தனியே சொல்ல வேண்டும். பழ வைன் யோசனையோடு என்னிடம் வருபவர்களில் பெண்கள் குறைவில்லை. பழம் பதப்படுத்தும் பயிற்சிக்குப் போனவர்கள் அவர்கள்தான். ஆனால் 1979ஆம் ஆண்டின் 666ஆம் இலக்க மதுவரி அறிவித்தல், திணைக்களத்தின் முன் அனுமதியில்லாமல் மது உற்பத்தி, விற்பனை இடங்களில் பெண்களை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு இந்தத் தடைகளை நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவில் அந்த நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. தேயிலைக் கொழுந்தை முழுநாளும் சுமக்கலாம், பழம் பிழியும் தொட்டியருகே நிற்க அனுமதி கேட்க வேண்டும் என்பது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. ஆனாலும் இரண்டாம் படியில் எழுதும் கடிதத்திலேயே வேலை செய்யப்போகும் பெண்களின் விபரத்தையும் போட்டு எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

பைல் அசையாவிட்டால்

பைல் தூங்குவது வழக்கம். மாதம் ஒருமுறை நேரில் போய், யாரிடம் இருக்கிறது, என்ன குறை என்று கேட்டு, கேட்ட திகதியையும் பதிலையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள். 'இன்ன திகதியில் பெற்ற என் விண்ணப்பத்தின் தற்போதைய நிலை, அது அனுப்பப்பட்ட அலுவலகங்கள், அனுப்பிய திகதிகள்' என்று கேளுங்கள். முதலாவதற்குச் சாக்கு வரும், இரண்டாவதற்குத் திகதி வரும்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தூரமா, கழிவா, உரித்தா, ஊர் எதிர்ப்பா என்று தெரியாமல் மறுபடி விண்ணப்பிப்பது காசுக்கு நட்டம்.

கிடைத்த பிறகு

தினப் பதிவேடு எழுதுங்கள். வந்த பழம், போட்ட சீனி, தாங்கியில் அளவு, போத்தலானது, உடைந்தது, விற்றது எல்லாம் அன்றன்றே. அலுவலர் எந்த நேரமும் வரலாம். 'நாளைக்கு எழுத இருந்தேன்' என்பதும் எழுதாததும் ஒன்றுதான். அனுமதிப்பத்திரத்தில் உள்ள இடத்தையோ, பொருளையோ, பங்காளியையோ மாற்றுவதானால் முதலில் திணைக்களத்தைக் கேளுங்கள். ஸ்ட்ரோபெரிக்கு எடுத்த அனுமதியில் நெல்லியைப் போட்டுப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம்.

பத்திரம் டிசம்பர் 31 வரைதான். அக்டோபரிலேயே புதுப்பிக்கும் பைலைத் தொடங்குங்கள். வியாபார உரிமம், சுற்றாடல் உரிமம், வரி நிலுவை இல்லை என்ற சான்று, மூன்றும் நடைமுறையில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று டிசம்பர் நடுவில் காலாவதியானால், நத்தார் விடுமுறைக்குள் அதைச் சரிக்கட்ட அலுவலகத்தில் ஆள் இருக்காது. ஜனவரி முதலாம் திகதி பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு போத்தல் விற்றாலும் அது அனுமதியில்லா விற்பனை.